ஒரு பக்கம் மட்டும் இருந்த வழி

“…அப்போ எனக்க பக்கத்துல சுவரு முழுசா நிக்குது, அவளுக்க பக்கத்துல மட்டும் ஓட்டை இருக்குன்னா சொல்லுதிய?” என்று கேட்டார் கோமதியம்மாள்.

கேட்டது எங்கள் முதலாளி தாணு அண்ணாச்சியிடம். கேட்ட இடம் திருவனந்தபுரத்தில் கரமனைக்குப் பக்கம், இரண்டு வீடுகளுக்கு நடுவே நின்ற ஒரு தோட்டத்து மதில். அந்த மதிலில் ஒரு ஆள் தாராளமாக நுழையும்படி ஒரு வழி விட்டிருந்தார்கள். கதவு கிடையாது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் கறிவேப்பிலைச் செடி தெரியும், அதன் பின்னால் துவைத்துப் போட்ட துண்டு தெரியும். வழி இரண்டு பக்கமும் இருந்தது என்பதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும் அண்ணாச்சி கொஞ்சமும் தயங்காமல், “ஆமாம்மா, கணக்குப்படி அப்படித்தான்” என்றார்.

இதை நான் இப்போது எழுதக் காரணம் ஷைனி. நான் வேலை பார்த்த அதே கம்பெனியில் இப்போது எஞ்சினியராக இருக்கும் பெண். சுவரின் படத்தைப் போனில் பிடித்தால் போனே நீளம் அகலம் சொல்லி, எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை சாக்கு கூழாங்கல் என்று கணக்கும் போட்டுவிடுகிறதாம். போடட்டும், நல்லது. என் முழங்காலுக்கு இப்படி ஒரு போன் அன்றைக்கே கிடைத்திருந்தால் எவ்வளவோ ஏணி ஏறாமல் தப்பித்திருக்கும். போன மாதம் ஷைனி கூப்பிட்டு, “சாரே, ஒரு டவுட்டு. சுவத்துல இருக்குற ஓட்டைய ஒரு பக்கம் மட்டும் கழிக்கவா, ரெண்டு பக்கமும் கழிக்கவான்னு இந்த ஆப் கேக்குது. காலேஜ்ல படிச்சிருக்கேன், பரீட்சைக்கும் எழுதியிருக்கேன். ஆனா ஒரு சுவத்துல ஒரு பக்கம் மட்டும் எப்படி ஓட்டை இருக்கும்?” என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் பயந்துபோய், “சாரே, மருந்து கழிச்சோ?” என்று மலையாளத்துக்குத் தாவிவிட்டாள். மருந்தெல்லாம் சாப்பிட்டாச்சு மக்களே என்று சொல்லிவிட்டு, கோமதியம்மாளின் கேள்வியைச் சொன்னேன். “முழுசா எழுதித் தாங்க, நம்ம பிள்ளேருக்கெல்லாம் அனுப்பணும்” என்றாள். எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அல்லது படிப்பு என்னை விட்டது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து தம்பானூரில் ஒரு லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். ஒரு நாள் ஒரு கல்யாணக் கோஷ்டி வந்து இறங்கி, தலையணை போதவில்லை என்று பெரிய சண்டை. இருந்ததை வைத்து நான் பங்கிட்டேன். சண்டை அடங்கிவிட்டது. அங்கே வேறு அறையில் தங்கியிருந்த தாணு அண்ணாச்சி இறங்கி வந்து, “லேய் மக்கா, எப்படிப் பங்கிட்டே?” என்று கேட்டார்.

“வயசானவங்க ஆளுக்கு ரெண்டு கேப்பாங்க. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், உருண்டு கீழ வந்துரும். மாப்பிள்ளைக்கு எப்படியும் தூக்கம் வராது, அவருக்குள்ளதை எடுத்துட்டேன்.”

“நாளைக்கு என்கூட வேலைக்கு வா” என்றார். என் படிப்பு, பயிற்சி, நேர்முகத் தேர்வு எல்லாம் அதுதான்.

அண்ணாச்சி சொந்தமாகக் கட்டிட வேலை எடுக்கும் முன் கல்யாண வீடுகளில் கலவறை பார்த்தவர். அதாவது அரிசி, பருப்பு, தேங்காய் எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, சமையல்காரருக்கு அளந்து கொடுக்கிறவர். அந்தப் புத்தி அவரை விட்டுப் போகவே இல்லை. அவரைப் பொறுத்தவரை சுவர் என்பது சாப்பிட உட்கார்ந்திருக்கும் ஆள். சிமெண்டுக் கட்டைச் சுவர் டாக்டர் சொன்னபடி அளவாகச் சாப்பிடுகிறவர். பெயிண்ட் அடித்த பழைய சுவர், ‘வேண்டாம் வேண்டாம்’ என்று இலையை மறைக்கிறவர், அவருக்கு ஊட்ட வேண்டும், அதனால் பெயிண்டைக் கொத்திவிட வேண்டும். வெட்டுக்கல் சுவர் இருக்கிறதே, செம்மண் நிறத்தில் துளைத்துளையாக இருக்கும் நம்மூர்க் கல், அது மாப்பிள்ளையின் தாய்மாமன். எவ்வளவு போட்டாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

புது வேலைக்குப் போனால் முதலில் டேப்பை எடுக்க மாட்டார். வீட்டுக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். அவர்கள் குடிக்கத்தான் என்று நினைத்து மோர் கொடுத்த வீடுகளும் உண்டு. தண்ணீரை வாங்கிச் சுவரில் ஊற்றிவிட்டு, மூக்கு படும் தூரத்தில் நின்று, அது எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்று பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, “இவுகளுக்குத் தாகம் ஜாஸ்தி” என்று மெல்லச் சொல்வார். சுவரை அவர் ‘இது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. தாகம் ஜாஸ்தி என்றால் நனைப்புக்கு ஒரு நாள் கூட, அடிப்பூச்சுக்குக் கலவை கூட.

கூழாங்கல் பதிக்கிற வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் முதலில் ஒரு அடிப்பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே சீப்பு மாதிரி ஒன்றால் கீறிவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த பூச்சு பிடிக்கும். அது காய்ந்த பிறகு இளக்கமாக ஒரு மேல்பூச்சு, சிமெண்டு ஒன்றுக்கு மணல் மூன்று. இந்த மேல்பூச்சு தயிர் மாதிரி இருக்கும்போதே, கழுவி வைத்த கூழாங்கல்லைச் சின்னக் கரண்டியில் அள்ளி எறிய வேண்டும். எங்கள் கொத்தனார் சுகுமாரன் மலையாளி, ஆனால் எங்களோடு இருந்து இருந்து ஒரு தனித் தமிழ் பேசுவார். “உப்பு தூவுற மாதிரி பாடில்லா, கூடாது. அடுத்த வீட்டுக் கோழிய விரட்டுற மாதிரி எறியணும். கோழிக்குப் படக்கூடாது, ஆனா கோழி போகணும்” என்பார். அந்த வேகம் கையில் வர எனக்கே பல மாதம் ஆனது.

எறிந்த கல்லில் நல்ல பங்கு கீழே விழும். அதற்காகச் சுவரடியில் தார்ப்பாய் விரிப்போம், விழுந்ததைக் கழுவி மறுபடி எறிவோம். ஆகவே எவ்வளவு கல் வேண்டும் என்பது சுலபமான கணக்கில்லை. ஒரு அடிச் சதுரத்தில் மரச்சட்டம் ஒன்று எங்களிடம் உண்டு. அதற்குள் மாதிரிக்கு எறிந்து, ஒட்டியது எவ்வளவு, விழுந்தது எவ்வளவு, விழுந்து உடைந்தது எவ்வளவு என்று தனித்தனியாக நிறுத்து, அதிலிருந்து முழுச் சுவருக்குப் போவோம். இது வரை எல்லோரும் செய்வதுதான். இதற்கு மேல் அண்ணாச்சி ஒன்று கூட்டுவார். அதற்குப் பெயர் பிடுங்கல்.

கூழாங்கல் பதித்த சுவருக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிற எந்த மனிதனும் ஒரு கல்லையாவது நகத்தால் நெம்பிப் பார்க்காமல் இருக்க மாட்டான் என்பது அண்ணாச்சியின் முடிவு. படித்தவன், படிக்காதவன் பேதம் இல்லை. ஆகவே சுவருக்குப் பக்கத்தில் யார், எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறார்கள் என்று தெரியாமல் கல் கணக்குச் சொல்லக் கூடாது.

நெடுமங்காடு போகிற ரோட்டில் ஒரு பல் டாக்டர் வீட்டு மதில். வாசலிலேயே பஸ் ஸ்டாப். அண்ணாச்சி டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு, “டாக்டரே, இங்க எந்தெந்த பஸ் நிக்கும்?” என்றார்.

“எல்லாம் நிக்கும். நீங்க பஸ்லயா வந்தீங்க?”

“இல்ல. நேரத்துக்கு வருமா?”

“வித்துரா பஸ்ஸத் தவிர எல்லாம் வரும். அது வந்தா வந்தது.”

“ஆறுமுவம், ரெண்டு சாக்கு கூட்டிக்கோ” என்றார் என்னிடம். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னய்யா, வித்துரா பஸ்ஸுக்கும் என் சுவத்துக்கும் என்ன சம்பந்தம்?” அண்ணாச்சி விளக்கினார். டாக்டர் விளக்கத்தைக் கேட்டு இன்னும் கோபப்பட்டார். ஆனாலும் இரண்டு சாக்கையும் வாங்கி ஷெட்டில் போட்டு வைத்தார்.

அடுத்த வருஷமே போன். சுவரில் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறதாம், ஆள் நின்றால் கை எட்டும் உயரத்தில் மட்டும் ஒரு பட்டை நீளமாகக் கல் போய்விட்டதாம். “என் வீட்டுச் சுவரே பல்லு போன வாய் மாதிரி இருக்குன்னா வர்ற பேஷண்டு என்ன நினைப்பான்?” என்று கத்தினார். போய் ஒரு சாக்கை எறிந்து சரி பண்ணினோம். பிறகு டாக்டர் அந்த ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார், சுவரிலிருந்து கை எட்டாத தூரத்தில். மிச்சம் ஒரு சாக்கு இன்னும் அந்த ஷெட்டில்தான் இருக்கிறது என்று கேள்வி.

சரி, ஷைனி கேட்டது ஓட்டைக் கணக்கு. அதற்கு வருகிறேன்.

சுவரில் சின்ன ஓட்டை இருந்தால், பூனை போகிற அளவு என்று வையுங்கள், அதைக் கழிப்பதில்லை. அதைச் சுற்றிப் பூசுவது பூசாமல் விடுவதைவிடக் கஷ்டம். லாரி போகிற அளவு பெரிய திறப்பு என்றால் இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, திறப்பின் உள்விளிம்பை, அதாவது சுவரின் தடிமனாகத் தெரிகிற பகுதியை, தனியாக அளந்து கூட்ட வேண்டும். ஆள் போகிற அளவு திறப்பு இரண்டுக்கும் நடுவில். அதற்கு ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், மறுபக்கம் ஓட்டையே இல்லாத மாதிரி முழுச் சுவராக அளக்க வேண்டும். மறுபக்கத்தில் மிச்சமாகிற கலவையும் கல்லும் அந்த உள்விளிம்புக்குச் சரியாகப் போய்விடும் என்பது வழக்கம். எந்தப் பக்கம் கழிப்பது என்பது அளக்கிறவர் விருப்பம். யாரும் கேட்க மாட்டார்கள். கோமதியம்மாளைத் தவிர யாரும் கேட்டதில்லை.

கோமதியம்மாள் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கை பார்வதியம்மாள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். அப்பா விட்டுப்போன ஒரே மனையில் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் மதில், மதிலில் இந்த வழி. வழிக்கு மேலே அக்காள் பக்கத்துச் சாம்பைக்காய் மரம் ஒன்று சாய்ந்திருந்தது. அது இலையை உதிர்ப்பது அந்த வழிக்குள்தான். சுவரின் தடிமன் எவ்வளவோ, அந்த ஒரு சாண் தரையில்தான். அந்த ஒரு சாணை யார் பெருக்குவது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை.

“மரம் உங்களுது, சருகும் உங்களுது” என்று தங்கை. “விழுந்த இடம் எனக்க தரை இல்ல, சுவருக்க உள்ளு. அதுல நடந்து ஜாஸ்தி வாறது நீ” என்று அக்காள். “வாறது நானா? போன ஓணத்துக்கு வந்தது யாரு?” என்று தங்கை. அன்றைக்குப் பேச்சு நின்றது. பெருக்கவும் இல்லை, வழியில் யாரும் நடக்கவும் இல்லை. யார் முதலில் கால் வைத்தாலும், வந்தவளே பெருக்க வேண்டியவள் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் அல்லவா? சருகு கணுக்கால் உயரத்துக்குச் சேர்ந்திருந்தது.

பார்வதியம்மாளின் மகன் கண்ணன் மஸ்கட்டில் வேலை. மதில் பாசி பிடித்துக் கறுத்துவிட்டது என்று இரண்டு பக்கமும் கூழாங்கல் பதிக்கச் சொன்னது அவன்தான். பெரியம்மையின், அதாவது கோமதியம்மாளின், பக்கத்தை விட்டுவிடக் கூடாது என்று தனியாகச் சொன்னான். நல்ல பிள்ளை. ஆனால் தினமும் வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டால் சருகுக் கதை, பெரியம்மையைக் கூப்பிட்டால் அதே சருகுக் கதை. கடைசியில் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, “யாரும் நடக்காத வழி எதுக்கு அண்ணாச்சி? பாம்பு கேறும். கல் எறியுறதுக்கு முன்ன ரெண்டு பேருல யாராவது ஒராளு அது வழியா நடந்தா இருக்கட்டும். இல்லன்னா சிமெண்டுக் கட்டை வச்சு அடைச்சு, அது மேலயே கல் எறிஞ்சுருங்க” என்றான்.

அடைக்க இரண்டு பேருக்குமே மனமில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். கட்டை வந்து இறங்கிய அன்று பார்வதியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தக் கட்டைக்குப் பலம் போதுமா? நல்ல கட்டையா வரட்டும், அவசரம் இல்ல” என்றார். சுற்றி அக்காள் வீட்டுக்குப் போனால் அவர், “சிமெண்டு பழசு போல இருக்கே. மாத்திட்டு அடுத்த மாசம் அடைச்சா போதாதா?” என்றார்.

‘சுற்றி’ என்று ஏன் சொன்னேன் என்றால், நாங்களும் அந்த வழியில் நடக்கக் கூடாது. முதல் நாள் சுகுமாரன் தலையில் கலவைச் சட்டியோடு வழக்கம் போல அதற்குள் காலை எடுத்து வைத்தார். இரண்டு வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே நேரத்தில், “ஏய்!” என்று சத்தம். அத்தனை மாதத்தில் அக்காளும் தங்கையும் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை அது. அதிலிருந்து இந்தப் பக்கம் கலந்த கலவையை அந்தப் பக்கம் கொண்டுபோக, ஒரு கேட்டு வழியாக ரோட்டுக்குப் போய், பெட்டிக்கடையைத் தாண்டி, அடுத்த கேட்டு வழியாக உள்ளே வர வேண்டும். “ஒரு சாண் தூரத்துக்கு ரோட்டுல போறேன் சாரே. பெட்டிக்கடைக்காரன் தினோம் கேக்கான், எத்தர வீடு கட்டுதீங்கன்னு” என்று சுகுமாரன் புலம்பினார்.

வழியில் சுவரின் தடிமனை அளக்க வேண்டிய அன்று கோமதியம்மாளே ஒரு நியாயம் சொன்னார். “கை போலாம். கால் போகப்படாது.” டேப்பின் ஒரு முனையை நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை அண்ணாச்சி ரோட்டைச் சுற்றி வந்து அந்தப் பக்கத்திலிருந்து கை நீட்டி வாங்கினார். தங்கை பக்கம் மாதிரிக்குக் கல் எறிந்தபோது ஒரு கல் துள்ளி வழிக்குள்ளேயே பாய்ந்து கோமதியம்மாள் முற்றத்தில் விழுந்தது. அவர் அதைப் பொறுக்கி, ஒரு காகிதத்தில் பொதிந்து, சுகுமாரனிடம் கொடுத்து, “அவளுக்க கல்லு. ரோடு வழியா கொண்டு கொடும்” என்றார். பார்வதியம்மாள் பொதியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது எனக்க கல்லு இல்ல, அங்கயே எறிஞ்சது. இவ்வளவு கறுத்த கல்லா எனக்கு?” என்று திருப்பி அனுப்பினார். அந்தக் கல் சாயங்காலம் வரை பெட்டிக்கடையைத் தாண்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் சுகுமாரன் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடிப்பூச்சு இரண்டு பக்கமும் முடிந்தது. கல் கணக்கை அண்ணாச்சி எப்போதும் அடிப்பூச்சுக்குப் பிறகுதான் முடிவாகச் சொல்வார். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக மாட்டார். வீட்டுக்காரரை நிறுத்தி, சுவருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வார். “சாப்பிடப் போறவுக காதுல விழணும்லா” என்பார்.

முந்தின நாள் மத்தியானம் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது, “எந்தப் பக்கம் கழிக்கட்டும் அண்ணாச்சி?” என்று கேட்டேன். பொதுவாக அவர் ‘ஏதோ ஒண்ணு’ என்பார். அன்றைக்கு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மூத்தவுக பக்கம் கழிக்காத” என்றார். நாளைக்கு அடைக்கப்போகிற வழியை எதற்குக் கழிக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை. வழிக்குப் பக்கத்தில் சிமெண்டுக் கட்டைகள் அடுக்கியாயிற்று. சுகுமாரன் அடைப்புக்கான கலவையைச் சட்டியில் குழைத்துத் தயாராக நின்றார். களியக்காவிளையைத் தாண்டி வர வேண்டிய கூழாங்கல் லாரிக்காரன், எத்தனை சாக்கு ஏற்ற என்று மூன்று தடவை போன் பண்ணிவிட்டான். பார்வதியம்மாள் பக்கத்தில் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்த போனில் கண்ணன், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு மஸ்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். வழிக்கு அந்தப் புறம் தங்கை, இந்தப் புறம் அக்காள். நடுவில் ஒரு சாண் சருகு. அண்ணாச்சி அக்காள் பக்கம் நின்று, இரண்டு பக்கமும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

தங்கை பக்கம் தரை ஒரு படி தாழ்ந்திருந்ததால் அங்கே சுவர் உயரம் கூடுதல் என்று சொன்னார். அந்தப் பக்கத்துக்குச் சாக்குக் கணக்கைச் சொல்லி, “இதுல வழிக்குள்ளதைக் கழிச்சாச்சு” என்றார். பிறகு அக்காள் பக்கத்தைச் சொல்லி, “இங்க கழிக்கல்ல. முழுச் சுவரு” என்றார்.

அப்போதுதான் கோமதியம்மாள் நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார். அண்ணாச்சி ‘ஆமாம்மா’ என்றார்.

“அது என்ன நியாயம்? கண்ணு முன்ன ஓட்டை கிடக்கு.”

அந்தப் புறத்திலிருந்து பார்வதியம்மாள், அக்காளைப் பார்க்காமல் போனைப் பார்த்து, “கண்ணா, இதுல என்ன இருக்கு? ரவிக்கைக்குக் கழுத்து வெட்டுனா அந்தத் துணி மிச்சம்னா கணக்கு? கழுத்துக்கு உள்ள பட்டி வச்சுத் தைக்க அந்தத் துணி வேணும்லா. சிலருக்கு இது தெரியாது” என்றார்.

கோமதியம்மாள் சுவரைப் பார்த்து, “சிலரு தச்ச ரவிக்கை கழுத்து எனக்கும் தெரியும். தோளு நிக்காது” என்றார்.

“அம்மே! பெரியம்மே!” என்று போன் கத்தியது. “ஒண்ணும் பேசாண்டாம். சுகுமாரன் சேட்டா, நீங்க அடைச்சுருங்க.”

சுகுமாரன் எங்களைப் பார்த்தார். அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். சுகுமாரன் கரண்டியில் கலவையை அள்ளி முதல் கட்டையைத் தூக்கினார். அந்தக் கட்டையை அவர் தூக்கிய விதம், அது கட்டையில்லை, யானை என்று சொல்லும்படி இருந்தது. மெதுவாக, மிக மெதுவாக.

“நில்லும் ஓய்” என்றார் கோமதியம்மாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டார். கோர்ட்டில் எத்தனையோ வக்கீல்மார் பேசி ஓய்ந்த பிறகு, காகிதத்தைப் புரட்டி விட்டுப்போன ஒன்றை எடுத்துக் காட்டுகிறவரின் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். “அண்ணாச்சி, ஒரு காரியம் தெளிவாச் சொல்லணும். எனக்க பக்கம் ஓட்டை கிடையாது.”

“கிடையாதும்மா.”

“முழுச் சுவரு.”

“முழுச் சுவரு. கல்லுக்கே கணக்குப் போட்டாச்சு.”

“அப்போ இங்க இருந்து ஒரு ஆளு அங்க போக முடியாது.”

“சுவத்துக்குள்ள எப்படிம்மா போக முடியும்?”

“போக முடியாத இடத்துல, ஒருத்தி போனான்னு நாளைக்கு யாராவது சொன்னா?”

“பொய்யி” என்றார் அண்ணாச்சி.

“ஆனா அவளுக்க பக்கம் வழி உண்டு.”

“உண்டு. கழிச்சாச்சு.”

“அப்போ அங்க ஆளு வரலாம்.”

“தாராளமா வரலாம்.”

அந்தப் புறம் பார்வதியம்மாள் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதல் தடவையாக வழியைப் பார்த்தார். கண்ணன், “என்னது? என்ன நடக்குது? வீடியோ நின்னு போச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். வீடியோ நிற்கவில்லை. நாங்கள்தான் ஆடாமல் நின்றோம்.

“வந்தா பெருக்கணுமா?” என்று கேட்டார் கோமதியம்மாள். இதை அண்ணாச்சியிடம் கேட்கவில்லை.

பார்வதியம்மாள் சருகைக் கண்ணால் அளந்தார். பிறகு, “வாறவ எதுக்குப் பெருக்கணும்? வழி எனக்க பக்கம்தான இருக்கு. உள்ளதுக்கு உரியவ பெருக்குவா” என்றார். சொல்லிவிட்டு, “காப்பி போட்டு வச்சிருக்கு, ஆறுது” என்று போனிடம் சொன்னார். மஸ்கட்டில் இருக்கிற பிள்ளை எந்தக் காப்பியைக் குடிப்பான்?

“யாரும் எங்கயும் போகல்ல. கேட்டுக்கிடுங்க எல்லாரும்” என்று எங்கள் மூன்று பேரையும் பார்த்து உரக்கச் சொன்னார் கோமதியம்மாள். பிறகு செருப்பைக் கழற்றி, தாம் அங்கேயேதான் நிற்கிறோம் என்பதற்கு அடையாளமாகத் தம் பக்கத்துத் தரையில் சுவரைப் பார்த்து ஜோடியாக வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, தம்மிடம் இல்லாத அந்த வழியாகச் சருகு நொறுங்க நடந்து, தங்கையைத் தாண்டி, நேரே அவள் வீட்டு அடுக்களைக்குள் போனார்.